வீட்டுக் காப்பீட்டுப் பழுது மதிப்பீடு

வீட்டுக் காப்பீட்டுப் பழுது மதிப்பீடு என்பது வெள்ளம், புயல், தீ போன்றவற்றால் சேதமடைந்த வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவை வேலைவாரியாகக் காட்டும் எழுத்துப் பட்டியல் ஆகும். காப்பீட்டு நிறுவனம் தரும் இழப்பீடு பெரிதும் இதன் தெளிவைப் பொறுத்தது.

பின்னணி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிகள் நிறைந்த பகுதிகள். அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகள் இங்கு உள்ளன. 2015 பெருவெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் சென்னைப் புறநகர் வீடுகளின் வெள்ள ஆபத்தை உணர்த்தின. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்னும் பொது வடிவ வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. இதில் வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ ஆகியன அடங்கும்.

பெறும் முறை

1. சேதத்தை உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்து, கோரிக்கை எண் பெற வேண்டும்.
2. சுத்தம் செய்யும் முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுக்க வேண்டும்.
3. கட்டடப் பொறியாளரிடமோ ஒப்பந்ததாரரிடமோ கையொப்பமிட்ட மதிப்பீடு பெற வேண்டும். மேஸ்திரி வாய்மொழியாகச் சொல்லும் மொத்தத் தொகை போதாது.
4. நிறுவனம் அனுப்பும் உரிமம் பெற்ற சர்வேயர் பார்க்கும் வரை, அவசர வேலை தவிர மற்றவற்றைத் தொடங்காதிருப்பது நல்லது. உடைந்த பொருட்களையும் எறியக்கூடாது.

படிக்கும் முறை

ஒவ்வொரு வரியிலும் வேலை, அளவு, அலகு, விலை விகிதம், தொகை ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். 'சுவர் வேலை – மொத்தம்' என்று மட்டும் எழுதினால் சர்வேயர் சரிபார்க்க இயலாது; தொகை குறைய அதுவே காரணமாகலாம்.

எடுத்துக்காட்டாக, 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் 3 அடி தண்ணீர் நின்றதாகக் கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. பூச்சு பெயர்ந்த பரப்பு 44 × 3 = 132 சதுர அடி. 3 அடி அகலக் கதவுக்கு 9 கழித்தால் 123 சதுர அடி. ஆனால் வண்ணம் சுவர் முழுதும் அடித்தால்தான் ஒரே நிறமாகும். எனவே 440 சதுர அடியில் கதவு (3 × 7 = 21), சன்னல் (4 × 4 = 16) போக 403 சதுர அடி வரும். பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ஒரே அளவை எழுதினால் ஒன்று மிகையாகும் அல்லது மற்றொன்று குறையும்.

மின்கம்பி, குழாய், மரவேலை, இடிபாடு அகற்றல், ஜிஎஸ்டி ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் காட்ட வேண்டும். பழைய ஓதம், விரிசல் போன்றவற்றையும் புதிய வசதிகளையும் சேர்த்தால் அவை நீக்கப்படும்.

குறை காப்பீடு

காப்பீட்டுத் தொகை மனையின் சந்தை விலை அன்று; கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவே ஆகும். மீண்டும் கட்ட 40 லட்சம் ரூபாய் ஆகும் வீட்டை 20 லட்சத்துக்கே காப்பீடு செய்திருந்தால், விகித விதியுள்ள பத்திரத்தில் 2 லட்சம் இழப்புக்கு 1 லட்சமே கிடைக்கும். பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்த விகிதக் குறைப்பு இல்லை. எனினும் வீட்டின் பரப்பைச் சரியாகத் தெரிவித்திருக்க வேண்டும்.

முறையீடு

தொகை குறைந்தால் சர்வேயர் அறிக்கையின் படியைக் கேட்டு வாங்கி, மதிப்பீட்டுடன் வரிவரியாக ஒப்பிட வேண்டும். எந்த வரி, ஏன் குறைந்தது என்று குறிப்பிட்டு முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 1 மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவு தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.