"சமாளிச்சிடுவேன்" எடுபடாத நேர்முகத் தேர்வு

எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்கல்லூரி, போலிடெக்னிக் என்று போகும் நம் பிள்ளைகளில் பலர், சில ஆண்டுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலோ பட்டர்வொர்த் துறைமுகத்திலோ நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காருகிறார்கள். கிரேன் ஓட்டுநர், பராமரிப்புத் தொழில்நுட்பர், இரசாயனக் கிடங்குப் பொறுப்பாளர், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்று பதவிப் பெயர்கள் பலவாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: இந்த வேலையில் ஒருவர் தவறினால் இன்னொருவர் உயிர் போகும். ஆகவே கேட்கப்படும் கேள்விகளும் வேறு மாதிரி இருக்கும்.

"இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம். நேர்முகம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். ஆனால் பதிலின் உருவம் வீட்டு மொழியில்தான் முதலில் பிறக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு நாம் எப்படியும் பயிற்சி கொடுக்கிறோம்; அதில் இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம்.

வகுப்பில் ஒரு மாதிரி நேர்முகம் நடத்திப் பாருங்கள். "இயந்திரத்தில் வழக்கமில்லாத சத்தம் வருகிறது. மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லை. சரக்கு இன்றைக்கே போயாக வேண்டும். என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர், "எப்படியாவது சமாளிச்சிடுவேன் டீச்சர்" என்பார்கள். நம் பேச்சில் 'சமாளிப்பது' பெருமைக்குரிய சொல். கல்யாண வீட்டில் சாப்பாடு பற்றாக்குறையைச் சமாளித்தவர்தான் கெட்டிக்காரர். ஆனால் பாதுகாப்புப் பணிக்கு ஆள் எடுப்பவர் காதில் இந்தச் சொல் வேறாக விழுகிறது. 'ஆபத்து தெரிந்தும் வேலையை நிறுத்தாதவன், யாரிடமும் சொல்லாதவன்' என்றுதான் அவர் குறித்துக்கொள்வார். 'பார்த்துக்கிறேன்', 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்' என்பவையும் இதே குடும்பம்தான்.

அவர் எதிர்பார்க்கும் பதில் மிகச் சாதாரணமானது: நிறுத்துவேன், மற்றவர்களை விலகச் சொல்வேன், தெரிவிப்பேன், அனுமதி கிடைக்கும்வரை மறுபடி இயக்க மாட்டேன். வீரம் எதுவும் தேவையில்லை. எரிகிற கட்டடத்துக்குள் தனியாக ஓடும் கதையைச் சொன்னால் மதிப்பெண் குறையத்தான் செய்யும்.

பினாங்குக்காரர்களுக்கு இது ஏன் என்று நீட்டி முழக்கத் தேவையில்லை. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கம் புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழா, இன்னொரு பக்கம் தீவில் குவான் யின் விழா. பட்டர்வொர்த் பெரி முனையத்தில் கூட்டம் அலைமோதியது. மாலையில் பயணிகள் நின்ற மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இன்றைய மாணவர்களுக்கு இது பிறப்பதற்கு முந்தைய கதை. வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: "வாசலில் நிற்கும் ஊழியர் நீ. உள்ளே இடமில்லை என்று உனக்குத் தோன்றுகிறது. வெளியே ஆயிரம் பேர் திட்டுகிறார்கள். எந்த வார்த்தைகளால் நிறுத்துவாய்?" மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நிறுத்த வேண்டும் என்பது தெரியும். நிறுத்துவதற்கான வாக்கியம் கைவசம் இருக்காது.

பெரியவரிடம் 'வேண்டாம்' என்று சொல்வது இன்னும் கஷ்டம். 1977 மார்ச் 27-ஆம் தேதி, கேனரி தீவுகளின் டெனெரிஃபில் பனிமூட்டத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கியிருந்த கே.எல்.எம். விமானத்தின் பொறியாளருக்கு, மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையைவிட்டு விலகவில்லையோ என்ற சந்தேகம் வந்தது. கேட்கவும் செய்தார். அதைக் கேள்வியாகக் கேட்டார். அனுபவம் மிக்க கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னதும் பேச்சு அதோடு நின்றது. பின்னர் உலகம் முழுவதும் விமானிகளுக்கு, பதவி பார்க்காமல் எடுத்துச் சொல்லும் பயிற்சி புகுத்தப்பட்டதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

இது நமக்கு நேரடியான இலக்கணப் பாடம். "அண்ணே, அந்தக் கயிறு சரியா இருக்குதா?" என்பது வினா. "அண்ணே, கயிறு நைஞ்சிருக்கு. தூக்காதீங்க. நிறுத்துங்க" என்பது செய்தியும் கட்டளையும். இரண்டிலும் மரியாதை குறையவில்லை. 'அண்ணே'யும் 'ங்க'வும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது வாக்கியம்தான் ஆளைக் காப்பாற்றும். கிரேன் வேலையில் சைகை கொடுக்க ஒருவரை நியமித்திருப்பார்கள். ஆனாலும் 'நிறுத்து' என்ற சைகையை யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும் என்பது விதி. மாணவர்களுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் காட்டினாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும்!

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. அதே நாளில் 1967-ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் ரத்தானது; பழைய வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரையாவது நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பிரிவு எண் 26ஏ. எண்ணைவிட உள்ளடக்கத்தைச் சொந்த வாக்கியத்தில் சொல்லத் தெரிவது நல்லது.

இன்னொரு வழக்கமான கேள்வி: "ஆபத்தைக் குறைக்க முதலில் என்ன செய்வீர்கள்?" உடனே 'ஹெல்மட், கையுறை' என்று ஆரம்பித்துவிடுவார்கள். வரிசையில் அவை கடைசி. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளை மாற்றாக வைப்பது, பிறகு தடுப்பு, மூடி போன்ற பொறியியல் ஏற்பாடு, பிறகு விதிமுறையும் பயிற்சியும், கடைசியாகத்தான் உடலில் அணிபவை. வழுக்கும் தரையை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்: ஒழுகும் குழாயை அடைப்பது முதல் வேலை, வழுக்காத காலணி வாங்குவது கடைசி வேலை.

"நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்" என்றும் கேட்பார்கள். 'நான் தவறே செய்ததில்லை' என்பவரை நம்ப மாட்டார்கள். வேலை அனுபவம் இல்லாத மாணவரிடமும் சொல்ல விஷயம் இருக்கும்: அறிவியல் கூடத்தில் உடைந்த குடுவை, சாரணர் முகாமில் சரியாகக் கட்டாத முடிச்சு, பசார் மாலாம் கடையில் வாயுத் தோம்பை மூட மறந்தது. பிறர் தவறைத் தன் தவறாகச் சோடிக்க வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். என்ன நடந்தது, யாரிடம் எப்போது சொன்னேன், அதற்குப் பிறகு என்ன மாற்றினேன் என்ற வரிசையில் நான்கைந்து வாக்கியம் போதும். வாக்கியத்தில் 'நான்' இருக்கட்டும். "மறந்துபோச்சு", "உடைஞ்சிருச்சு" என்று எழுவாயை ஒளித்துப் பேசுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். "நான் மூடவில்லை" என்று சொல்லும்போது அறையில் இருக்கும் வித்தியாசத்தை மாணவர்களே உணர்வார்கள்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. இருவர் இருவராக உட்காரட்டும். ஒருவர் மூன்று படிகள் கொண்ட ஓர் உத்தரவு சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். விமானக் கட்டுப்பாட்டு வானொலியில் நடப்பது போல. மூன்றாவது சுற்றில் உத்தரவு தருபவர் வேண்டுமென்றே தவறான ஒரு படியைச் சொல்லட்டும், கொஞ்சம் அதட்டலாகவே. கேட்பவர் நிறுத்துகிறாரா, எந்த வாக்கியத்தால் நிறுத்துகிறார் என்பதை வகுப்பு முழுவதும் குறிப்பேட்டில் எழுதட்டும். ஒரு பாடவேளைக்கு எட்டு ஜோடி தாராளமாக முடியும்.