உங்களுக்குத் தெரியுமா? அம்பத்தூர் கணக்குக்கு ஐபேன் கிடையாது!

துபாயிலிருந்து பணம் அனுப்பும் மகன், "அப்பா, உங்க ஐபேன் நம்பர் சொல்லுங்க" என்றால் ஆவடி கிளைக்கு ஓட வேண்டாம். இந்தியாவில் எந்தக் கணக்குக்கும் அந்த எண் இல்லை.

ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண் ஐரோப்பாவில் தோன்றி வளைகுடாவுக்கும் பரவிய முறை. நாடு, வங்கி, கணக்கு எல்லாம் ஒரே வரிசையில் வரும். அமீரகத்தில் அதன் நீளம் 23, குவைத்தில் 30. அதற்குள் ஒரு காவலாளியும் உண்டு. முதல் நான்கு குறிகளைக் கடைசிக்குத் தள்ளி, ஆங்கில எழுத்துகளை எண்களாக்கி (ஏ என்றால் 10, பி என்றால் 11), 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் கணினி அங்கேயே மறித்துவிடும். நம் வங்கிக் கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சியில் இந்த வசதி இல்லை என்பது ஒரு குறைதான்.

அம்பத்தூருக்கோ பூந்தமல்லிக்கோ பணம் வரக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, சர்வதேச வங்கிக் குறியீடான ஸ்விஃப்ட் மூன்றையும் கொடுங்கள். ஐஎஃப்எஸ்சியின் 11 குறிகளில் ஐந்தாவது பூஜ்யம். 'ஓ' என்ற எழுத்தல்ல. ஸ்விஃப்ட் 8 அல்லது 11 குறிகள். 5, 6ஆம் எழுத்துகள் 'ஐ', 'என்' என்றிருந்தால் இந்தியா. உங்கள் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் இல்லாமலிருக்கலாம். அப்போது வங்கி சொல்லும் வேறு கிளையின் குறியீட்டைத் தரலாம். பணம் உங்கள் கணக்குக்கே வரும்.

1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே சமயத்தில் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கு ஐஎஃப்எஸ்சி, ஸ்விஃப்ட் இரண்டு குறியீடுகளும் 'ஐஓபிஏ' என்றே ஆரம்பிக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதிவிடாதீர்கள்.