வானைப் பார்க்காத கண்ணாடி
நடுவயதின் பட்டறைகள் – 11

ஹனோவர் ராணுவ இசைக்குழுவில் இருந்து வெளியேறி இங்கிலாந்தின் பாத் நகரில் இசையாசிரியராக நிலைபெற்ற வில்லியம் ஹெர்ஷல், முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது கண்ணாடி தேய்க்கும் கருவிகளை விலைக்கு வாங்கியது வரை சென்ற இதழில் சொல்லப்பட்டது. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரத்துக்கென்று வாக்களிக்கப்பட்டிருந்தவை அவருடைய தங்கை கரோலினின் இரவுக் குறிப்பேடுகள். ஆனால் அவற்றுக்குப் போகும் வழியில் ஓர் உரலும் ஒரு சல்லடையும் ஒரு மூட்டை குதிரை லத்தியும் குறுக்கே கிடக்கின்றன. அவற்றைத் தாண்டிச் செல்ல இத்தொடருக்கு மனம் வரவில்லை.

லத்திக்கு முன்பாக உலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் எதிரொளிப்புத் தொலைநோக்கி, அதாவது வில்லைக்குப் பதிலாகக் குழிந்த கண்ணாடி ஒன்றால் ஒளியைத் திரட்டும் தொலைநோக்கி செய்ய முனைந்தவருக்கு, வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி உதவாது. ரசம் அதன் பின்புறத்தில் பூசப்படுவதால், ஒளி முன்புறத்திலும் பின்புறத்திலும் தனித்தனியே தெறித்து உருவத்தை இரட்டிப்பாக்கிவிடும். கண்ணாடியின் முன்புறத்திலேயே வெள்ளியை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை தொலைநோக்கிகளுக்கு வந்தது 1850களில்தான். அதுவரை இருந்த ஒரே வழி, செம்பு இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் போல உருக்கிக் கலந்து, வெள்ளிபோல் வெளுத்துப் பளபளக்கும் ஓர் உலோகத்தை வார்த்து, அதையே குழிவாகத் தேய்த்து மெருகேற்றுவது. கேரளத்தின் ஆரன்முளைக் கண்ணாடியை அறிந்தவர்களுக்கு இக்கலவை புதிதன்று. அங்கும் வெள்ளீயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அங்கும் முன்புறமே முகம் காட்டுவது, அந்தக் கைவினைஞர் குடும்பங்களின் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம் என்று மரபுவழிக் கதை ஒன்றும் உண்டு. இந்த உலோகத்தின் குணங்கள் இரண்டு: மெருகு ஏறினால் கண்ணைப் பறிக்கும்; சற்றே வேகமாகக் குளிர்ந்தாலும் விரிசல் விட்டு உடைந்துபோகும். அது நாளடைவில் மங்கவும் செய்யும் என்பதால், ஒரு முறை மெருகேற்றியதோடு வேலை முடிந்துவிடாது. மங்கியதை மறுபடியும் தேய்த்து, குழிவின் வடிவத்தையும் மறுபடியும் புதிதாக உருவாக்க வேண்டும்.

இத்தகைய உலோகத்தை ஊற்றுவதற்கு அச்சு வேண்டும். வெறும் களிமண்ணால் செய்த அச்சில் கடும் சூட்டில் உருகிய உலோகம் பாயும்போது, மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி அச்சைப் பிளக்கும், அல்லது உலோகத்துக்குள் குமிழியாகப் புகுந்து வார்ப்பைப் பாழாக்கும். குதிரை லத்தி இங்குதான் நுழைகிறது. மாட்டின் சாணத்தோடு ஒப்பிட்டால் குதிரையின் லத்தியில் செரிக்காத நார் மிகுதி. அசைபோடாத விலங்கு ஆதலால் தின்ற புல்லும் வைக்கோலும் பாதி உருவத்தோடே வெளிவருகின்றன. காய்ந்த லத்தியைப் பொடித்துச் சலித்து மண்ணோடு பிசைந்தால், அந்த நார் பச்சை மண் காயும்போது வெடிக்காமல் இழுத்துப் பிடிக்கிறது. அச்சைச் சுடும்போது அதே நார் எரிந்து போய், தான் இருந்த இடத்தில் மயிரிழை போன்ற துளைகளை விட்டுச்செல்கிறது. அத்துளைகள் வழியே ஆவி வெளியேறுகிறது. ஒரே பொருள் முதலில் இருந்து உதவுகிறது, பிறகு இல்லாமல் போய் உதவுகிறது. ஐரோப்பாவில் மணியும் பீரங்கியும் வார்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட உத்தி இது. இசையாசிரியர் வீட்டுக்குள் அது வந்து சேர்ந்ததுதான் வியப்பு.

வியப்பைவிடப் பெரிது அது வாங்கிய உழைப்பு. 1781இல் ஹெர்ஷல் மூன்று அடி விட்டமுள்ள கண்ணாடி ஒன்றை வார்க்கத் திட்டமிட்டார். அதற்குரிய குழாயின் நீளம் முப்பது அடி. இவ்வளவு பெரிய வார்ப்புக்கு அச்சுமண் அதற்கேற்ற அளவில் வேண்டியிருந்ததால், மலைபோல் குவிந்த லத்தியை உரலில் இட்டு இடித்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டியதாயிற்று. நாள்கணக்கில் முடிவே இல்லாமல் நீண்ட அந்த வேலையைத் தான் செய்ததாகக் கரோலின் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். செல்லோ வாசிப்பதில் வல்லவரும் கடைசல் பிடிப்பதில் அதனினும் வல்லவருமான இளைய சகோதரர் அலெக்சாண்டர் முறைவைத்து இடித்தார். பட்டறைக்குள் எட்டிப் பார்க்கும் போதெல்லாம் கரோலினின் கையிலிருந்து உலக்கையை வாங்கிக்கொண்டு இடித்த மூன்றாமவர், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான மருத்துவர் வில்லியம் வாட்சன்.

வாட்சன் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த விதமும் சொல்லத் தக்கது. 1779 டிசம்பரின் இறுதியில் ஓர் இரவு, நிலா வீட்டின் முன்பக்கம் இருந்ததால், ஹெர்ஷல் தம் தொலைநோக்கியைத் தெருவிலேயே நிறுத்தி நிலவின் மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வழியே வந்த முன்பின் அறியாத கனவான் ஒருவர் தாமும் பார்க்கலாமா என்று கேட்டார், பார்த்தார், வியந்தார், மறுநாள் காலையில் நன்றி சொல்ல வீட்டுக்கே வந்தார், அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த பாத் தத்துவக் கழகத்தில் சேரும்படி அழைத்தார். அறிவுலகத்தோடு ஹெர்ஷலுக்கு ஏற்பட்ட முதல் உறுதியான தொடர்பு, இவ்வாறு தெருவில் நின்ற ஒரு குழாயினால் வந்தது. அப்படி வந்த தொடர்பு ஓராண்டு சொச்சத்தில் உரலடிக்கே வந்து உலக்கை பிடித்தது.

வார்த்தபின் வருவது மெருகு. வெந்நீரைவிடச் சூடாக உருக்கிய கீலைத் தேய்ப்புக் கருவியின்மேல் ஊற்றி, அது இளகி இருக்கும்போதே கண்ணாடியின் மேல் அழுத்திக் குழிவின் அச்சை எடுத்துக்கொண்டு, மெருகுப்பொடியும் நீரும் இட்டுத் தேய்ப்பது முறை. கீல் கெட்டியாகத் தோன்றினாலும் உண்மையில் மிக மெதுவாக வழிந்து உருமாறிக்கொண்டே இருக்கும் பொருள். கையின் அசைவு நின்று சூடு மாறினால் கீலின் வடிவம் மாறும், கீல் மாறினால் கண்ணாடியின் குழிவு கெடும். இதனால்தான் மெருகின் இறுதிக் கட்டத்தில் இடையே நிறுத்தக் கூடாது என்று ஹெர்ஷல் கருதினார். ஏழு அடிக் குழாய்க்குரிய கண்ணாடி ஒன்றை முடிக்கும்போது 16 மணி நேரம் அவர் கையை எடுக்கவே இல்லை. அந்நேரத்தில் கரோலின் உணவைச் சிறு துண்டுகளாக எடுத்து அவர் வாயில் ஊட்டினார். மற்ற வேளைகளில், கை மட்டும் வேலை செய்து மனம் சும்மா இருக்கும் அந்த நீண்ட பொழுதுகளில், டான் கிஹோத்தேயையும் ஆயிரத்தொரு இரவுகளையும் ஸ்டெர்ன், ஃபீல்டிங் ஆகியோரின் நாவல்களையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

இத்தனை பாடும் எவ்வளவு சிறிய அளவுக்காக என்பதையும் பார்த்துவிடலாம். தொலைவிலிருந்து வரும் ஒளி ஒரே புள்ளியில் குவிய வேண்டுமானால், கண்ணாடியின் குழிவு பந்தின் உட்புறம் போல இருந்தால் போதாது. நடுவில் அதைவிடச் சற்றே ஆழ்ந்து விளிம்பில் விரியும் பரவளைய வடிவம் வேண்டும். ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட விட்டமும் ஏழு அடிக் குவியத் தூரமும் உள்ள கண்ணாடியில் இவ்விரு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாடு, விளிம்பில், ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளக்கும் கருவி எதுவும் அந்த வீட்டில் இல்லை. இருந்ததெல்லாம் கை, கண், தொலைவில் இருக்கும் ஏதோ ஓர் இலக்கை நோக்கிச் செய்யும் சோதனை, திருப்தி இல்லையேல் மீண்டும் கீல்.

ஹெர்ஷலைப் பற்றி எழுதுவோர் பலரும் அவருடைய மேதைமையை முன்னிறுத்துகின்றனர். இத்தொடர் அவருடைய தொழிலை முன்னிறுத்தவே விரும்புகிறது. ஓபோ, வயலின், ஆர்கன் ஆகியவற்றில் அன்றாடம் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய உடல் அது. நேற்று வாசித்த ஸ்வர வரிசையை இன்றும் வாசிப்பதில் சலிப்படையாதவருக்கு, நேற்றுத் தேய்த்த கண்ணாடியை இன்றும் தேய்ப்பதில் என்ன சலிப்பு? ஏழு அடிக் குழாய்க்குரிய கண்ணாடிகள் 200க்குக் குறையாமலும், பத்து அடிக் கண்ணாடிகள் 150உம், இருபது அடிக் கண்ணாடிகள் ஏறத்தாழ 80உம் செய்ததாக அவரே 1795இல் எழுதியிருக்கிறார். ஒரு குழாய்க்கு ஒரு கண்ணாடி போதும் என்னும்போது இத்தனை எதற்கு என்றால், பலவற்றைச் செய்து அவற்றுள் சிறந்ததை மட்டும் குழாயில் பொருத்துவது அவர் வழக்கம். நடுவயதில் புதிய கைவேலை தொடங்குபவர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இத்தனை வேலையை வீடு எவ்வாறு தாங்கியது என்பது வேறு கேள்வி. விருந்தினரை அமர்த்துவதற்கென்று அலங்கரித்த அறையில் தச்சர் குழாயும் தாங்கியும் செய்துகொண்டிருந்தார். படுக்கையறை ஒன்றில் அலெக்சாண்டர் பெரிய கடைசல் இயந்திரத்தை நிறுவியிருந்தார். கச்சேரியிலிருந்து திரும்பி உடை மாற்றவும் பொறுமையின்றிப் பட்டறைக்குள் புகுந்த ஹெர்ஷலின் சட்டைக் கையின் பின்னல் விளிம்புகள் கிழிந்தன, கீல் தெறித்துக் கெட்டன. வீடு முழுவதும் பட்டறையாவதைத் தான் வருத்தத்தோடு பார்த்ததாகக் கரோலின் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் அண்ணனோடு பாத் நகருக்கு வந்தது 1772 ஆகஸ்டில், இருபத்திரண்டு வயதில், பாட்டுப் பயில்வதற்காக. பாட்டுக்கு முன் அவருக்குக் கிடைத்த முதல் பாடம் கடைத்தெருவாக இருந்தது. ஆங்கிலம் சரியாக வராத நிலையில், மீன்காரிகளுக்கும் இறைச்சிக் கடைக்காரர்களுக்கும் கூடைக்காரிகளுக்கும் நடுவே தனியாகப் போய், பதற்றத்தில் கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு திரும்பினார். அலெக்சாண்டர் அவருக்குத் தெரியாமல் தொலைவில் நின்று, பத்திரமாக வீடு சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஹெர்ஷல் குடும்பத்தைப் பற்றிய பெரிய நூல்கள் இக்காட்சிக்கு ஓரிரு வரியே ஒதுக்குவது இத்தொடருக்கு உடன்பாடில்லை.

மிகப் பிரபலமான இரவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அது எல்லாப் பாடநூல்களிலும் உள்ளது. 1781 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே, நியூ கிங் தெரு 19ஆம் எண் வீட்டின் பின்தோட்டத்தில், நாற்பத்திரண்டு வயது இசையாசிரியர், வீட்டில் தேய்த்த ஏழு அடிக் கண்ணாடி ஒன்றின் வழியே, விண்மீன்களுக்கு நடுவில் வட்டத் தகடுபோல் தெரிந்த ஒன்றைக் கண்டார். 227 மடங்கு பெரிதாக்கிப் பார்த்ததை 460, 932 என ஏற்றியபோது, விண்மீன்கள் புள்ளியாகவே நிற்க, அது மட்டும் பருத்தது. வால்மீன் என்று அவர் எண்ணியது யுரேனஸ் கோள் என்று பின்னர் தெரிந்தது.

லத்தி இடிக்கப்பட்டது இதற்காக அன்று. கோள் கிடைத்த அதே ஆண்டின் ஆகஸ்டில், அதே வீட்டில், தோட்டத்தை ஒட்டிய கீழ்த்தளப் பட்டறையில், மூன்று அடி விட்டமுள்ள கண்ணாடிக்கான உலை மூட்டப்பட்டது. ஏறத்தாழ 240 கிலோ உலோகம் உருக்கப்பட்டது. முதல் வார்ப்பு குளிரும்போதே விரிசல் விட்டது. இரண்டாம் முறை, உலோகம் ஊற்றும் பதத்துக்கு வந்த கணத்தில் உலை ஒழுகத் தொடங்கியது. தரை முழுவதும் பாவுகல். அதை முன்கூட்டியே பெயர்த்திருக்க வேண்டும். உருகிய உலோகம் ஓடிப் பரவியதும், கற்கள் வெடித்துக் கூரை உயரம் வரை நாலாபுறமும் பறந்தன. வார்ப்புக்காரரும் ஆட்களும் சகோதரர் இருவரும் எதிரெதிர் வாசல்கள் வழியே வெளியே ஓடினர். சூட்டாலும் களைப்பாலும் ஹெர்ஷல் உடைசெங்கல் குவியல் ஒன்றின்மேல் விழுந்தார். முப்பது அடித் தொலைநோக்கித் திட்டம் அத்தோடு நின்றது. அத்தனை நாள் இடித்துச் சலித்த மண்ணில் வார்த்த கண்ணாடி ஒரு விண்மீனைக்கூடக் காணவில்லை. அந்த வீடு இப்போது ஹெர்ஷல் அருங்காட்சியகம். வெடித்த பாவுகற்களை அங்கே இன்றும் பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை அளித்தார். ஹெர்ஷல் இசையாசிரியர் தொழிலை விட்டு, கரோலினோடு வின்ட்சர் அரண்மனைக்கு அருகில் டாட்செட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். 1778இலேயே மேடையில் முதன்மைப் பாடகியாகப் பாடியவரும், பர்மிங்காமிலிருந்து வந்த பாட்டு ஒப்பந்தத்தை வேண்டாமென்று மறுத்தவருமான கரோலினின் பாட்டும் அத்தோடு முடிந்தது. அவருடைய இரவுக் குறிப்பேடுகளுக்கு, உறைபனியில் மை உறைந்துபோன மேசையிலிருந்து தொடங்கி, அடுத்த வாரம் கட்டாயம் இடம் ஒதுக்கப்படும். 40 அடித் தொலைநோக்கியின் சாரக்கட்டு குறுக்கே வராமல் இருந்தால்.