பெயர் பெல்ஜியத்தது, தண்ணீர் நம்முடையது

குற்றாலத்தைப் பற்றிய சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் ‘தென்னகத்தின் ஸ்பா’ என்ற பட்டம் இருக்கும். அந்த ஸ்பா, பெல்ஜியத்தில் லியேஜ் மாகாணத்தில் உள்ள ஒரு சின்ன ஊர்.

அங்கே மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையில் ஊறி, இரும்பையும் கரியமில வாயுவையும் சேர்த்துக்கொண்டு ஊற்றாக வருகிறது. வாயில் வைத்தால் துருவின் சுவை. சோடா போல நாக்கில் சுருக்கென்று ஏறும். அதில் குளித்தவர்களைவிட அதைக் குடிக்க வந்தவர்களே அதிகம். 1571 வாக்கில் இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் வில்லியம் ஸ்லிங்ஸ்பி ஓர் ஊற்றைக் கண்டார். பெல்ஜியத்தில் தாம் குடித்த தண்ணீரின் சுவையே அதிலும் இருந்தது. பிறகு தாது ஊற்று உள்ள ஊரெல்லாம் ஆங்கிலத்தில் ‘ஸ்பா’ ஆனது. கோழிக்கோட்டுத் துணி ‘காலிகோ’ ஆனதும் இப்படித்தான். ‘நீரால் நலம்’ என்னும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளே ‘ஸ்பா’ என்பது பின்னாளில் கட்டிய கதை.

குற்றாலத்துத் தண்ணீரின் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் கொட்டும் மழை, சிற்றாறாக ஓடிவந்து அருவியாக விழுகிறது. பாறைக்குள் நெடுங்காலம் ஊறாததால் அதில் தாதுக்கள் குறைவு. ஆக, வேதியியல் கணக்கில் குற்றாலம் ஸ்பா அல்ல.

அப்படியானால் குளித்து வந்ததும் உடம்பு லேசாவது எப்படி? மூலிகைகளைத் தழுவி வரும் தண்ணீர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று உண்டு. பேரருவி நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவே ‘பொங்குமாங்கடல்’ என்ற ஆழமான பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. தோளிலும் முதுகிலும் படபடவென்று விழும் அந்த அடிதான் தசைகளைப் பிடித்துவிடுகிறது.

பிடித்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் முன்பு வழங்கிய சொல் எது தெரியுமா? ‘ஷாம்பு’! ‘அழுத்து’ என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியலோடு ‘ஷாம்பு’வும் செய்யும் குளியலகம் நடத்தினார். தலையை அலசுவது, அலசும் திரவம் என்ற பொருள்களெல்லாம் பிறகு வந்தவை. ஆங்கிலேயர்கள் ‘ஸ்பா’வை இங்கே அனுப்பினார்கள். நாம் ‘ஷாம்பு’வை அங்கே அனுப்பினோம்.

இன்று அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் தடை. அங்கே அலசி விடும் நுரை சிற்றாற்றில் இறங்கி, கடைசியில் தாமிரபரணியில்தான் கலக்கும். சாரலுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்கள் ஷாம்பு பாக்கெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பழைய பொருளில் ‘ஷாம்பு’ போடும் வேலையை அருவி பார்த்துக்கொள்ளும்.