ஒரு மில்லி விநாடித் தூக்கம்

லினக்ஸ் 2.4 ஓடிய நாட்களில் சாதாரண பி.சி.யில் ஒரு த்ரெட்டை ஒரு மில்லி விநாடி தூங்கச் சொன்னால், அது எழுந்து வர பத்திலிருந்து இருபது மில்லி விநாடி ஆகும். கெர்னலின் டைமர் விநாடிக்கு 100 டிக்தான் அடிக்கும். எந்தத் த்ரெட்டானாலும் டிக் விழுந்தால்தான் எழுப்புவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் வரும் ஊரில் 'ஒரு நிமிடத்தில் கிளம்புகிறேன்' என்று சொல்வது போலத்தான்.

இதைச் சமாளிக்கக் கெர்னலே ஒரு முரட்டு வழி வைத்திருந்தது. ரியல்டைம் முன்னுரிமை பெற்ற த்ரெட் இரண்டு மில்லி விநாடிக்குள் தூக்கம் கேட்டால், தூங்கவே வைக்காது. சிபியுவைப் பிடித்துக்கொண்டு நேரம் தீரும்வரை வெறுமனே லூப் சுற்றும். இருந்ததே ஒரு சிபியு. அதுவரை மற்ற த்ரெட்டுகள் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

2.6-இல் டிக் 1000 ஆனது. 2005-இல் 2.6.13 வந்தபோது, இயல்பு அளவை 250-ஆகக் குறைத்தார்கள். டிக்கைக் கூட்டினால் மின்சாரம் வீண், குறைத்தால் துல்லியம் போச்சு. கெர்னல் எழுதும் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் இந்த இழுபறியிலிருந்தே வெளியேறினார்கள். 2006-இல் 2.6.16-உடன் அவர்களது ஹெச்ஆர்டைமர் நுழைந்தது; அடுத்த ஆண்டு 2.6.21-இல் முழு வேகம் பெற்றது. டிக்குக்குக் காத்திராமல், அடுத்து யாரை எப்போது எழுப்ப வேண்டுமோ அந்த நேரத்தையே ஹார்டுவேர் டைமரில் எழுதிவிடுவது என்பதே ஏற்பாடு.

இன்றைய தாமதம் வேறு வகை. சாதாரண த்ரெட்டுக்கு 50 மைக்ரோ விநாடி 'ஸ்லாக்' உண்டு. பல விழிப்புகளை ஒன்றாகச் சேர்த்து மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கெர்னல் வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளும் சலுகை அது. அதை பிஆர்சிடிஎல் அழைப்பால் குறைக்கலாம். ஆனால் எழுந்த த்ரெட்டுக்கு ஓட ஒரு சிபியு கோர் கிடைக்க வேண்டுமே! கோர்களைவிட வேலையுள்ள த்ரெட்டுகள் அதிகமென்றால், எவ்வளவு நுட்பமான டைமரும் உதவாது. வரிசை ஷெட்யூலர் கையில்.

விண்டோஸிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. இயல்பு டிக் 15.6 மில்லி விநாடி. ஒரு புரோகிராம் அதை ஒன்றாகக் குறைத்தால் முன்பு கணினி முழுவதற்கும் குறையும். 2020-இல் வந்த பதிப்பிலிருந்து கேட்ட புரோகிராமுக்கு மட்டும்.

பழைய லூப் இன்னும் ஒழியவில்லை, இடம்தான் மாறியது. கெர்னலிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். கேம் எழுதுபவர்களோ முக்கால்வாசி நேரம் தூங்கி, கடைசித் துளியை லூப்பில் கழிக்கிறார்கள். கோர்கள் பல இருப்பதால் ஒன்று சுற்றினால் மற்ற த்ரெட்டுகள் நிற்பதில்லை. லேப்டாப்பில் பேட்டரி இறங்குவதுதான் மிச்சம்.