அனுப்புநர் யார்?
மின்னஞ்சல் பாதுகாப்பு மேகத்துக்குப் போன கதையும் நம் வகுப்பறையும்

தமிழ்ப் பாடத்தில் கடிதம் எழுதக் கற்றுத்தரும்போது முதலில் 'அனுப்புநர்', அடுத்து 'பெறுநர்' என்று எழுதச் சொல்கிறோம். அனுப்புநர் என்ற இடத்தில் ஒரு மாணவர் தன் பெயரை விட்டுவிட்டு மாவட்ட ஆட்சியரின் பெயரை எழுதினால் என்ன ஆகும்? மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை உறையிலிட்டு அஞ்சல் பெட்டியில் போட்டால் அஞ்சலகம் அதற்கும் முத்திரை குத்தி உரியவரிடம் சேர்த்துவிடும். அனுப்புநர் முகவரி மெய்யா பொய்யா என்று பார்ப்பது அஞ்சல்காரரின் வேலை இல்லை.

மின்னஞ்சலும் இப்படித்தான் பிறந்தது. 1971இல் ரே டாம்லின்சன் பெயருக்கும் கணினிக்கும் நடுவே 'அட்' குறியை வைத்து முதல் வலையமைப்பு அஞ்சலை அனுப்பியபோது, அந்த வலையில் இருந்தவர்கள் ஆய்வாளர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். 1982இல் அஞ்சல் பரிமாற்றத்துக்கென வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறையும் அனுப்புநர் இடத்தில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொண்டது. அந்த நெறிமுறையே இன்றும் நம் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் சுமக்கிறது. அதில் விடப்பட்ட ஓட்டையை அடைப்பதற்காக உலகில் ஒரு பெரிய சந்தையே உருவாகிவிட்டது.

இதைப் பற்றி ஓர் ஆசிரியர் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நான் பணியாற்றுவது ஓசூர்ப் பகுதியில். இங்கே டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி, ஒரு லேத்தும் நான்கு தொழிலாளர்களும் மட்டுமே உள்ள சிறு பட்டறை வரை பல நூறு தொழிலகங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி பக்கம் போனால் மாங்கூழ் ஆலைகள் கடல் கடந்து சரக்கு அனுப்புகின்றன. கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் மின்னஞ்சலில் போய்வருகின்றன. அந்தப் பட்டறைகளை நடத்துபவர்களும் அங்கே ஷிப்டு பார்ப்பவர்களும் நம் பிள்ளைகளின் பெற்றோர். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்ததும் அந்தப் பிள்ளைகள் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதும் மின்னஞ்சலில்தான். கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவி ஒருத்தி கைப்பேசியோடு பள்ளிக்கு வந்தாள். பெரிய தொழிற்சாலை ஒன்றின் பெயரில் அவளுக்குப் பணி நியமனக் கடிதம் வந்திருந்தது. இலச்சினை, கையொப்பம், ஊதிய விவரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சீருடைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் என்று 2,850 ரூபாய் மட்டும் முன்பணமாகக் கட்டச் சொல்லியிருந்தார்கள். அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பெயர் தொழிற்சாலையினுடையது, முகவரியோ யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய கணக்கு. "நிறுவன முகவரியிலிருந்து அனுப்புங்கள்" என்று அவள் பதில் எழுதினாள். மறுநாளே இன்னொரு கடிதம் வந்தது. இம்முறை முகவரியில் தொழிற்சாலையின் பெயரும், அதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் இருந்தன. பார்த்தவுடன் நம்பத் தோன்றும். அந்தப் பெயரை ஓர் ஏமாற்றுக்காரர் சில நூறு ரூபாய்க்குப் பதிவு செய்துகொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

அவள் பணம் கட்டவில்லை. அவளுடைய தோழி கட்டியிருந்தாள். லாரி ஓட்டும் அப்பாவிடம் சொல்லப் பயந்து பத்து நாள் மறைத்தும் வைத்திருந்தாள். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற தொலைபேசி எண் நாடு முழுமைக்கும் இருக்கிறது. உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் வங்கிகள் அதை நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பத்து நாள் கழித்து அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. ஆகவே 'ஏமாறாதே' என்பதை விட 'ஏமாந்தால் அன்றைக்கே சொல், திட்டமாட்டோம்' என்பதைத்தான் நான் இப்போது வகுப்பில் அழுத்திச் சொல்கிறேன்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2013 முதல் 2015 வரை லித்துவேனிய நாட்டவர் ஒருவர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரில் போலி விலைப்பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய இரண்டிடமிருந்தும் 12 கோடி டாலருக்கும் மேல் பெற்றுவிட்டார். அமெரிக்க நீதிமன்றத்தில் 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வழக்கமாகப் பொருள் வாங்கும் நிறுவனத்தின் பெயரில், வழக்கமான வடிவில் ஒரு பில் வந்தது. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. உதிரிபாகம் செய்து கொடுத்துப் பணத்துக்குக் காத்திருக்கும் ஓசூர்ப் பட்டறைக்காரருக்கும் இது நேரலாம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தனக்கு வந்த புகார்களைக் கொண்டு கணக்கிட்டபடி, இந்த வகை வணிக மின்னஞ்சல் மோசடியில் 2023ஆம் ஆண்டில் மட்டும் போன தொகை சுமார் 290 கோடி டாலர்.

இதைத் தடுக்க மூன்று சோதனைகள் உள்ளன. நம் மாற்றுச் சான்றிதழை வைத்தே அவற்றை விளக்கிவிடலாம். முதலாவது எஸ்.பி.எஃப். 'எங்கள் பள்ளியின் தபாலை இந்த இரண்டு உதவியாளர்கள் மட்டுமே கொண்டுவருவார்கள்' என்று பள்ளி முன்கூட்டியே பட்டியல் வெளியிடுவது போல, எந்தெந்தக் கணினிகள் தன் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று ஒரு நிறுவனம் இணையத்தின் முகவரிப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. இரண்டாவது டி.கிம். இது தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் போன்றது. கடிதத்தில் ஓர் எழுத்தை வழியில் யாராவது மாற்றினாலும் முத்திரை பொருந்தாமல் போகும். சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்தினால் முத்திரையே காட்டிக்கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மூன்றாவது டிமார்க். பட்டியலும் முத்திரையும் கடிதத்தில் தெரியும் அனுப்புநர் பெயரோடு பொருந்தாவிட்டால் அந்தக் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவுரை அது: அப்படியே விடலாம், குப்பைப் பெட்டிக்கு ஒதுக்கலாம், வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.

இவை பல ஆண்டுகளாக இருந்தும் பலர் பொருட்படுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாகூவும் விதியை இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே நாளில் 5,000க்கும் மேற்பட்ட அஞ்சல்கள் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமானது. அரசுகள் சட்டம் போட்டுச் செய்யாததை இரண்டு நிறுவனங்கள் ஓர் அறிவிப்பில் செய்துவிட்டன. இதில் எனக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி கவலை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் மாணவிக்கு வந்த இரண்டாவது கடிதம் போன்றவை இந்த மூன்று சோதனைகளிலும் தேறிவிட முடியும். ஏமாற்றுக்காரர் தான் பதிவு செய்த பெயரில், தன் பட்டியலோடும் தன் முத்திரையோடும் அனுப்பினால் எந்திரத்துக்கு அது ஒழுங்கான கடிதம்தான். கடிதம் அந்த முகவரியிலிருந்துதான் வந்ததா என்பதை மட்டுமே சோதனை சொல்லும். அந்த முகவரிக்காரர் யோக்கியரா என்பதைச் சொல்லாது.

அதனால்தான் சந்தை அடுத்த கட்டத்துக்குப் போனது. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் அஞ்சல் கணினியைத் தன் கட்டடத்திலேயே வைத்து, அதன்முன் ஒரு வடிகட்டிப் பெட்டியையும் வைத்தது. தொழிற்சாலை வாயிலில் சொந்தக் காவலாளியை நிறுத்துவது போல. இப்போது அஞ்சல் முதலில் மேகத்தில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டுப் பிறகு நம்மிடம் வருகிறது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி எந்த ஆலைக்குப் போவதானாலும் அதைக் கடந்தாக வேண்டும். மேகம் என்றதும் வானத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அது வேறு ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில் அடுக்கி வைத்த கணினிகள்தான் என்று சொல்லிவிடுவது நல்லது.

இந்தச் சாவடியின் பலம் அதன் வழியே போகும் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு வந்த புதுவகைப் போலிக் கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் உடனே அதைத் தடுத்துவிடலாம். தனிக் காவலாளியால் இது முடியாது. இதைப் புரிந்துகொண்டவர்கள் பணத்தைக் கொட்டினார்கள். 2007இல் கூகுள், போஸ்டினி என்ற நிறுவனத்தை 62.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2021இல் புரூஃப்பாயின்ட் 1,230 கோடி டாலருக்கும், 2022இல் மைம்காஸ்ட் ஏறக்குறைய 580 கோடி டாலருக்கும் முதலீட்டு நிறுவனங்களின் கைக்கு மாறின. கடிதத்தை வாசலில் மட்டும் சோதிக்காமல், அஞ்சல் பெட்டிக்குள்ளேயே அமர்ந்து யார் யாருக்கு வழக்கமாக எப்படி எழுதுவார்கள் என்று கற்றுக்கொண்டு, வழக்கம் மாறினால் எச்சரிக்கும் புதுவகைச் சேவையும் வந்திருக்கிறது. அந்த வகையில் வளர்ந்த அவனான் நிறுவனத்தை 2021இல் செக் பாயின்ட் வாங்கிக்கொண்டது. சிறியவை முளைப்பதும் பெரியவை விழுங்குவதும்தான் இத்துறையின் போக்கு.

இதில் நம் மாநிலத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய ஜோஹோ. சென்னையிலும் தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் இருந்து அது இயங்குகிறது. நடுவண் அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள், தேசிய தகவலியல் மையத்தின் அமைப்பிலிருந்து ஜோஹோ நடத்தும் மேகத்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2025இல் வெளியானது. முகவரிகளின் முடிவு மாறவில்லை. பின்னால் இருக்கும் கட்டடமும் காவலும் மாறின. மேகத்துக்குப் போவது என்றால் அமெரிக்காவுக்குப் போவது என்று பொருள் இல்லை என்பதற்கு, மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு. தென்காசியில் உட்கார்ந்து இந்த வேலை செய்ய முடியுமானால் தளியிலும் அஞ்செட்டியிலும் ஏன் முடியாது என்று ஒரு மாணவன் கேட்டான். முடியாமல் போக என்னிடம் காரணம் எதுவும் இல்லை, எங்கள் மலைக்கிராமங்களில் சிக்னல் நிற்காது என்பதைத் தவிர.

எல்லோரும் ஒரே சாவடியை நம்புவதில் ஆபத்தும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று கையால் எழுதிய பயணச்சீட்டுகளைக் கொடுத்தார்கள். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. பாதுகாக்க வந்த மென்பொருளே படுத்துவிட்டது.

வகுப்பறைக்கு வருவோம். எழுத்துப்பிழை இருந்தால் போலிக் கடிதம் என்று நாம் சொல்லிக்கொடுத்து வந்தோம். அதை இனி விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாத தமிழிலும் கன்னடத்திலும் கடிதம் எழுதித் தருகின்றன. நான் இப்போது உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் செய்வது ஒரே பயிற்சி: முகவரியை வலமிருந்து இடமாகப் படிப்பது. எங்கள் பகுதியில் உருது படிக்கும் பிள்ளைகள் இதில் முந்திவிடுகிறார்கள்! கடைசியில் 'கவ் டாட் இன்' என்று முடிந்தால் அது அரசுக்கு மட்டுமே வழங்கப்படும் பெயர். அதே எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் வேறொரு பெயரும் 'டாட் காம்' என்பதும் இருந்தால் அது அரசு அன்று. வங்கிகளுக்கும் இப்படி ஒரு முடிவு வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் இணையதளங்களை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இருபது முகவரிகளைக் கரும்பலகையில் எழுதி, அரசு எது, வங்கி எது, வேடம் எது என்று பிரிக்கச் சொன்னால் ஒரு பாடவேளை போதும். கணினிகூடத் தேவையில்லை. தொடக்கப் பள்ளியில் இதையே அஞ்சலட்டையை வைத்துச் செய்யலாம்.

பட்டறை நடத்தும் பெற்றோரிடம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் சொன்னேன். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணை அழைக்காமல், பழைய பில்லில் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

பள்ளியின் சொந்த அஞ்சல் கணக்கையும் பார்க்க வேண்டும். நம்மில் பல பள்ளிகள் பயன்படுத்துவது யாரோ ஓர் ஆசிரியர் எப்போதோ திறந்து வைத்த இலவசக் கணக்கு. கடவுச்சொல் ஐந்து பேருக்குத் தெரியும். மீட்பு எண்ணாக இருப்பது மாறுதலில் போன கணினி ஆசிரியருடைய கைப்பேசி எண். மாணவர் பட்டியல், ஆதார் நகல், கல்வி உதவித்தொகைக்கான வங்கி விவரம் எல்லாம் அந்தப் பெட்டியில் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தை என்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் அதில் அடங்குவர்.

தலைமையாசிரியர் மாறும்போது சாவிக்கொத்து, இருப்புப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கையொப்பம் வாங்குகிறோம் அல்லவா? எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: பள்ளி மின்னஞ்சல் கணக்கு, அதன் மீட்பு எண், இருபடிச் சரிபார்ப்பு இயக்கத்தில் உள்ளதா, கடவுச்சொல் மாற்றப்பட்ட தேதி. கடவுச்சொல்லை அதில் எழுதவில்லை. புதிய பொறுப்பாளர் கையொப்பமிட்ட அன்றே அதை மாற்றி, தேதியை மட்டும் குறித்தார்.