தகர டின்களே படிகள், பழஞ்சேலையே விரிப்பு: சிக்கனமாய் ஒரு நவராத்திரிக் கொலு

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. ஆலயங்களில் அம்பிகை நாளுக்கொரு அலங்காரத்தில் காட்சி தருகையில், தம் இல்லத்திலும் கொலு வைத்து அன்னையை அழைக்க வேண்டுமென்று மாதர்கள் விழைவது இயல்பே. ஆனால் கடைகளில் விற்கும் இரும்புப் படிகளின் விலையையும், காஞ்சிபுரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் மதுரை விளாச்சேரியிலிருந்தும் கப்பலேறி வரும் பொம்மைகளின் விலையையும் கேட்ட மாத்திரத்தில், "நமக்கு எதற்கு?" என்று திரும்பிவிடும் குடும்பங்கள் பல.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், வாசலும் முற்றமும் இருந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குள் அடங்க நேர்ந்தது. ஒன்பது படி கட்டக் கூடத்தில் இடமில்லை. படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் மரபு. மூன்று படிகளே போதும். அதற்கு ஆசாரியும் வேண்டாம்.

ஒரே அளவுள்ள மைலோ டின் அல்லது பால்மாவு டின் பதினெட்டைச் சேர்த்து வைத்தால் வேலை முடிந்தது. பின்வரிசையில் மும்மூன்றாக அடுக்கிய மூன்று தூண்கள், நடுவரிசையில் இரண்டிரண்டாக மூன்று, முன்வரிசையில் ஒவ்வொன்றாக மூன்று. அடியில் நிற்கும் டின்களில் மணல் நிரப்பி, தூண்களைக் கயிற்றால் இறுகக் கட்டி, மேலே பழைய அலமாரிப் பலகைகளைக் கிடத்தினால் படிகள் அசையா. துவைத்த வெள்ளை வேட்டியை அதன்மேல் விரித்துவிட்டால் உள்ளே இருப்பது தகரமென்று யார் அறிவார்? ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தாருக்கு இத்தகரம் அந்நியமும் அன்று. டின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடே. அவசர காலத்தில் புதுக்கிராமமாக உருவான இவ்வூரின் அருகிலேயே வெள்ளீயம் தோண்டிய பெருஞ்சுரங்கம் இருந்தது. அந்தப் பள்ளந்தான் இன்று 'மைன்ஸ்' ஏரியாக நீர் தேங்கி நிற்கிறது.

பழம்பொருளால் தெய்வத்தை அலங்கரிப்பது குறையாகாதா என்று மனம் சஞ்சலப்படுவோர் உண்டு. அர்ச்சனைக்கு எடுத்த மலரை மறுபடி சாத்தலாகாது. விரிசல் கண்ட விக்கிரகத்தைப் பூசையில் வைக்கலாகாது. மதுவோ மாமிசமோ அடைத்து வந்த பெட்டிகளைப் படிக்கு எடுப்பதையும் பலர் தவிர்ப்பர். இவையல்லாத அலங்காரப் பொருள்கள் தூய்மையாக இருப்பின் தடை சொல்வதற்கில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வரும் மரப்பாச்சி பொம்மைகள் எத்தனை தலைமுறை கண்டவை! ஆண்டுதோறும் அவற்றுக்குப் புதிய துணி உடுத்தி முதலிடம் தருகிறோமே. கொலுவே பழையதைப் போற்றி ஆண்டுக்கொரு புதியதைச் சேர்க்கும் வழக்கந்தான்.

அந்தப் புதியதையும் இல்லத்திலேயே செய்யலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவு முழுதும் ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, மைதாப் பசையோ புளியங்கொட்டைப் பசையோ கலந்து பிசைந்தால் கூழ் தயார். கனமாக அப்பினால் நம் நாட்டு ஈரக்காற்றில் உள்ளே உலராமல் பூஞ்சை பூத்துவிடும். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் மற்றொன்று இடவேண்டும். பிற்பகல் மழைக்கு அஞ்சுவோர் விசிறிக்கு அடியில் வைத்து உலர்த்தலாம்.

கீழே சிறுவர்கள் அமைக்கும் பூங்காவைச் சொல்லாமல் விடலாகாது. உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும் (ஓரங்களை மணலில் புதைப்பது அவசியம்), தீப்பெட்டிகள் வீடுகளாகும். தேங்காய்ச் சிரட்டையில் அடித்துளையிட்டு மண் நிரப்பி, கடுகு தூவினால் மூன்றாம் நாளே பசுமை காட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைத்துவிட்டால் சரசுவதி பூசைக்குள் நாற்று நெடிதாய்ச் சாய்ந்துவிடும். நாலைந்து நாள் இடைவிட்டு இரண்டாம் தவணை விதைப்பதே பட்டறிவு கண்ட வழி.

தோரணத்துக்குத் தென்னங்குருத்து போதும். மலாய்க்கார அண்டை வீட்டார் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட் பின்னுவதும் இதே இளங்குருத்தில்தான். மடிப்பில் ஐயமெழுந்தால் அவர்களைக் கேட்கலாம். நொய்யரிசிக்கு மஞ்சள் நீரில் மஞ்சள் நிறமும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பும் ஏறும். நன்கு உலர்த்திய அவ்வரிசியை விழா முடிந்ததும் நிறவாரியாக அள்ளி மூடி வைத்தால், ஏறத்தாழ மூன்று வாரத்தில் வரும் தீபாவளிக் கோலத்துக்கும் உதவும். சேலை விரிப்பும் காகிதமும் நெருப்பை ஈர்ப்பவை. ஆகவே குத்துவிளக்கைப் படியில் ஏற்றாது, சற்றுத் தள்ளித் தரையில் தாம்பாளத்தின்மீது ஏற்றுக.

விசயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்து, மறுநாள் படிகளைக் கலைப்பார்கள். டின்களிலுள்ள மணலைக் கொட்டித் துடைத்து, பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு அதே டின்களுக்குள் வைத்து மூடிவிட்டால், அடுத்த நவராத்திரி வரை கட்டிலின் அடியில் அவை பத்திரமாக இருக்கும்.